துண்டு போட்ட பொம்மை

எங்கள் குழுவில் ஏலம் கேட்பதற்கு முன் துண்டு போட வேண்டும். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார்களே, அதேதான். வெளிநாட்டு ஏலத் தளம் எதிலாவது ஒரு பழைய பொம்மை வந்தால், அதன் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு 'துண்டு' என்று யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கு அது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கோயமுத்தூரில் பழைய தகரப் பொம்மை சேர்க்கிற பைத்தியங்கள் மொத்தமே மூன்று பேர். மூன்று பேரும் ஒரே பொம்மைக்கு மோதிக்கொண்டு ஜெர்மன்காரனைக் கொழுக்க வைப்பானேன் என்று இருபது வருடங்களுக்கு முன் நான்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தேன். அதிகமாகத் துண்டு போட்டதும் நான்தான்.

நான் முகுந்தன், பல் மருத்துவன். சாய்பாபா காலனியில் கிளினிக். இரண்டாமவர் ஹெப்சிபா, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். பொம்மை வீடுகள் மட்டும் வாங்குவார். மூன்றாமவர் நாச்சிமுத்து. கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பொம்மைகள். நாச்சிமுத்துவிடம் பதினொன்றுதான். ஆனால் எங்கள் மூவர் வீட்டிலும் எந்தப் பொம்மையின் ஸ்பிரிங் அறுந்தாலும் அவர்தான் சரிசெய்வார். துண்டு போடுவதில் மட்டும் எப்போதும் பிந்துவார். போனில் தட்டச்சு செய்ய அவருக்கு வராது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

என்னுடைய ஏலங்களுக்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஒரு ராசி. அந்தக் காலத்து ஏலங்களில் கடைசிப் பத்து நொடிதான் முக்கியம், அதுவரை எல்லோரும் பதுங்கியிருப்பார்கள். நாச்சிமுத்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அடேங்கப்பா, அந்தச் சக்கரத்தப் பாருங்க டாக்டர்" என்று சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். அவர் வராத நாளில் ஏனோ பாதியிலேயே விட்டுவிடுவேன். ஒருமுறை ஜப்பானிலிருந்து வந்த தகர விண்கலத்தை அப்படித்தான் விட்டேன். ஐந்தாறு பல் வலிக்காரர்கள் வாசலில் நின்றபடி காத்திருந்தாலும் அவர் வந்த நாளில் நான் கிளினிக்கை மூடிவிடுவேன்.

பிறகு இயந்திரங்கள் ஏலம் கேட்க வந்தன. மனித விரல் நகர்வதற்குள் ஆயிரம் முறை கேட்கிற மென்பொருள்கள். பொம்மை வேண்டும் என்பதற்காக அல்ல, வாங்கி விற்பதற்காக. இரண்டு வருடத்தில் எங்களைப் போன்றவர்கள் ஒரு சாவி கூட வாங்க முடியாமல் போனது. அப்போதுதான் ஜெர்மனியில் வெய்டன்பாக் என்கிற சிறிய ஏல நிறுவனம் ஆவல்பட்டையைக் கொண்டுவந்தது.

"கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டுல கட்டிக்கணும்," என்று ஹெப்சிபா முதல் பட்டையைக் கொண்டுவந்து காட்டினார். "நாடி, வேர்வை, தோலுக்கடியில ஓடுற ரத்தம், கண் எங்க நிக்குது, இதையெல்லாம் சேர்த்து ஒரு நம்பர் சொல்லும். பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும். நீங்க எவ்வளவு ஆசைப்படுறீங்கங்கிறதுதான் அந்த நம்பர்."

"விலை?"

"விலையை அவங்களே முன்னாடி சொல்லிடுவாங்க. அது மாறாது. பத்து நிமிஷம் பொம்மையைத் திரையில சுத்திக் காட்டுவாங்க. பத்தாவது நிமிஷம் முடியும்போது யார் நம்பர் அதிகமோ அவங்களுக்குப் பொம்மை. கேட்கவே வேண்டாம் முகுந்தன். பார்த்தாப் போதும்."

"நடிக்க முடியாதா?"

"பல் பிடுங்கும்போது வலிக்கலைன்னு உங்ககிட்ட எத்தனை பேர் நடிக்கிறாங்க? கண்டுபிடிக்கிறீங்கல்ல?"

மென்பொருளுக்கு மணிக்கட்டு கிடையாது. ஆகவே ஏலம் மறுபடி மனிதர்கள் கைக்கு வந்தது. நாங்கள் மூவரும் கொண்டாடினோம்.

பட்டை பொம்மைக் கடைக்குள் மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆறு மாதத்தில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் பட்டை கொடுத்து உள்ளே அனுப்பியது. பேரம் பேசுவது அன்றோடு ஒழிந்தது. கடைக்காரனுக்கு எண் தெரிந்த பிறகு புடவையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே நடக்கிற மாதிரி நடந்து என்ன பயன்? பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்குப் பட்டை கட்டினார்கள். பீளமேட்டில் ஒருவனுக்குப் பெண் வந்தபோது நாற்பதும் கேசரி வந்தபோது எண்பதும் காட்டி, சம்பந்தம் முறிந்துபோனது. நம் ஊரில் மரியாதை என்பதே ஆசையை மறைப்பதுதான். காபி வேண்டாம் என்று மூன்று முறை சொல்லி நான்காவது முறை வாங்கிக்கொள்வோம். பட்டை வந்த பிறகு முதல் முறையே டம்ளரை நீட்டிவிட்டார்கள். சௌகரியம்தான், ஆனால் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

பட்டை ஏலங்களுக்கு நாச்சிமுத்து வரவே மாட்டேன் என்றார். ஒருநாள் பட்டறையில் அவசர வேலை, ஒருநாள் மச்சான் வீட்டு விசேஷம், ஒருநாள் கண்ணில் தூசி. அவர் இல்லாமல் நான் ஏழு ஏலத்தில் உட்கார்ந்தேன். ஏழிலும் தோற்றேன். என் எண் இருபத்தைந்தைத் தாண்டவே இல்லை. ராசி போய்விட்டது என்று வருந்தினேன். படித்தவன்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் பழனி விஞ்ச் வந்தது.

அதன் உண்மைப் பெயர் நீளமான ஜெர்மன் பெயர். தகரத்தில் செய்த ஒரு மலை, அதன் மேல் இரண்டு தண்டவாளம், இரண்டு சிறிய பெட்டிகள். சாவி கொடுத்தால் ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்கும். பழைய பட்டியல் ஒன்றில் படம் பார்த்த நாளிலிருந்து எங்களுக்கு அது பழனி விஞ்ச். உலகத்தில் அதன் அட்டைப்பெட்டியோடு மிஞ்சியிருப்பது இரண்டோ மூன்றோ என்பார்கள். வெய்டன்பாக்கின் அறிவிப்பு வந்த அடுத்த நிமிடம் நான் 'துண்டு' என்று எழுதினேன். நாச்சிமுத்து ஒரு கும்பிடு படம் அனுப்பினார்.

மறுநாள் நேராகப் பட்டறைக்கே போனேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை நீங்க வந்தே ஆகணும்."

"பொழப்பு கெடக்குதுங்க டாக்டர். நீங்களே பாத்துக்கோங்க."

"நீங்க இல்லாம எனக்கு எதுவும் அமைய மாட்டேங்குது. இருபது வருஷப் பழக்கத்துக்காவது வாங்க. சும்மா கூட உக்காந்தாப் போதும்."

அவர் காயில் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "பட்டையெல்லாம் எனக்குச் சரிப்படாதுங்க," என்றார்.

"அறைல இருக்கிற எல்லாரும் கட்டியிருக்கணும்னு விதி. கூலிக்கு ஆள் வச்சு ஆசைப்பட வைக்கிறாங்களாம், அதுக்காக. ஹெப்சிபாகிட்ட ஒண்ணு உபரியா இருக்கு. நீங்க என்ன ஏலமா கேக்கப் போறீங்க? கட்டிக்கிட்டு உக்காருங்க."

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவும், பத்திரப் பதிவுக்கும், ஆபரேஷனுக்கும் நாம் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். துணைக்கு வந்தவனையும் இயந்திரம் எண்ணும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் 'பார்ப்பதே கேட்பது' என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். உபரிப் பட்டையை நாச்சிமுத்துவின் பெயரில் பதிந்தபோதும் நாங்கள் கடைசி வரை உருட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட்டிருந்தோம். துண்டு போட்டாகிவிட்டது, இனி யார் கேட்பார்கள் என்பதுதான் எங்கள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. கிளினிக்கின் வரவேற்பறையில் பெரிய திரை. நான் முன்னால், ஹெப்சிபா என் வலப்பக்கம். நாச்சிமுத்து சுவரோரம், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், திரையைப் பார்க்காமல் பல் துலக்கும் முறை பற்றிய சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

திரையில் மலை சுழல ஆரம்பித்தது. பச்சைப் பூச்சு அப்படியே இருந்தது. பெட்டிக்குள் தொப்பி வைத்த ஒரு தகரப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டில் முப்பத்தொன்று. ஏறவில்லை.

"நாச்சிமுத்து, இங்க வந்து பாருங்களேன்," என்றேன்.

"இருக்கட்டுங்க."

"அட வாங்கன்னா."

அவர் எழுந்து வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு கை சாவி கொடுத்தது. இரண்டு பெட்டிகளும் நகர்ந்தன.

"நடுவுல ரெண்டும் ஒதுங்கற எடத்துல ஒரு நாக்கு இருக்கோணும்," என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "இல்லீன்னா முட்டிக்கும். பாருங்க, அதா, அதா... ஒதுங்குது. ஒத்த ஸ்பிரிங்குலயே ரெண்டு வேலையும் வாங்கிட்டான் பாருங்க. நான் ரெண்டு ஸ்பிரிங்குன்னு நெனச்சுப் படம் போட்டு வச்சிருந்தனுங்க."

அவர் குரல் மாறியிருந்தது. பதினெட்டு வயதுப் பையனின் குரல். எனக்குக் கை துறுதுறுத்தது. மணிக்கட்டில் நாற்பது, ஐம்பது, அறுபத்து நான்கு. ராசி திரும்பிவிட்டது.

பத்து நிமிடம் முடிந்தது. திரையில் பட்டியல் வந்தது. உலகம் முழுவதும் நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். மூன்றாவது ஒசாகாவில் ஒருவர், அறுபத்தொன்று. இரண்டாவது முகுந்தன், கோயமுத்தூர், அறுபத்து நான்கு. முதலாவது நாச்சிமுத்து, கோயமுத்தூர், தொண்ணூற்றேழு.

ஹெப்சிபா மெதுவாகத் திரையின் ஒலியைக் குறைத்தார், ஏற்கெனவே அதில் ஒலி எதுவும் இல்லை.

நாச்சிமுத்து பட்டையைக் கழற்ற முயன்றார். கொக்கி சிக்கிக்கொண்டது. எந்த ஊக்கையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிறவருக்கு அது வரவில்லை. "மெசின்ல கோளாறுங்க," என்றார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க டாக்டர். நீங்க துண்டு போட்டிருந்தீங்க," என்றார். என் வீட்டு அலமாரியில் கைவைத்துப் பிடிபட்டவர் போல நின்றார். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"என்னத்தைங்க சொல்றது? நீங்கதான் மொதல்ல எழுதுவீங்களே."

"ஒருதடவையாவது எனக்கு வேணும்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க குடுத்துருவீங்களே டாக்டர். அப்புறம் எப்படிங்க கேக்கறது?"

நான் கொடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

வென்றவர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வேண்டாம் என்று சொன்னால் பொம்மை இரண்டாவது ஆளுக்குப் போகும். நாச்சிமுத்து அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஹெப்சிபாவிடம் வேண்டாம் என்று எழுதச் சொன்னார். நான் "அதெல்லாம் வேணாங்க" என்றேன். காபிக்குச் சொல்கிற மாதிரி, ஒரே ஒரு முறை. ஹெப்சிபா என்னைப் பார்த்தார். இரண்டாவது முறை சொல்கிறேனா என்று சற்று நேரம் பார்த்துவிட்டு எழுதி அனுப்பினார்.

பொம்மை ஐந்து வாரத்தில் வந்தது. சுங்கத்தில் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்து ஒட்டியிருந்தார்கள். மலை நசுங்கவில்லை. மேசையில் வைத்துச் சாவி கொடுத்தேன். ஒரு பெட்டி ஏறியது, ஒன்று இறங்கியது. மூன்று முறை ஓட்டினேன். பிறகு அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நாச்சிமுத்து குழுவிலிருந்து விலகியிருந்தார். போன் செய்தால் எடுத்து மரியாதையாகப் பேசினார். பல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். இருபது வருடத்தில் நாங்கள் பல்லைப் பற்றிப் பேசியதே கிடையாது. எனக்கு நண்பர்கள் என்று அதிகம் பேர் இல்லை. வாயைத் திறந்தபடி எதிரில் உட்கார்கிறவர்களோடு பெரிதாகப் பழக்கம் வராது. இந்த ஒருவரும் போய்விட்டார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு உறைத்தது.

ஹெப்சிபா ஒருநாள் மதிய இடைவேளையில் கிளினிக்குக்கு வந்தார். வெய்டன்பாக் எங்கள் ஒவ்வொருவருடைய ஆசையும் ஏறி இறங்கிய கோட்டு வரைபடத்தை அனுப்பியிருந்தது. அதை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது நாச்சிமுத்து. பெஞ்சுல உக்காந்து உங்க போஸ்டரைப் படிக்கிறப்பவே எண்பது. இது நீங்க. முதல் நாலு நிமிஷம் முப்பத்தொண்ணு. இங்க பாருங்க, இந்த இடத்துல செங்குத்தா ஏறுது. இங்க என்ன நடந்துச்சு?"

"சாவி கொடுத்தாங்க."

"சாவி கொடுத்தது அரை நிமிஷம் கழிச்சு. இந்த இடத்துல அவர் எழுந்து உங்க பின்னாடி வந்து நின்னார்."

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் சொத்தை தெரிவதைப் போலத் தெளிவாக இருந்தது.

"அவர் இல்லாம உக்காந்த ஏழு ஏலத்துலயும் நீங்க இருபத்தஞ்சைத் தாண்டலை," என்றார் ஹெப்சிபா. "இது ஒண்ணும் அதிசயம் இல்ல. பால்வாடில பாருங்க, தரை முழுக்க பொம்மை கெடக்கும். பக்கத்துக் குழந்தை எதை எடுக்குதோ அதுக்குத்தான் இது அழும். அஞ்சாறு வயசுல சரியாயிடும்னு சொல்வாங்க. உங்களுக்குக் கொஞ்சம் லேட்டாகுது போல."

"அப்ப என் அறைல இருக்கிறதெல்லாம்?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. பட்டை உங்க கைல இருக்கு."

அன்று மாலை பட்டையைக் கட்டிக்கொண்டு என் அறைக்குப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். குரங்கு, நான்கு. தீயணைப்பு வண்டி, இரண்டு. பழனி விஞ்ச், மூன்று. முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். மூன்றுதான்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. விஞ்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுநாள் கணபதிக்குப் போனேன். பட்டறையில் நாச்சிமுத்து தனியாக இருந்தார். பெட்டியை அவர் மேசையில் வைத்து, பட்டை கட்டிய கையை அதன் பக்கத்தில் நீட்டினேன்.

"பாருங்க. மூணு. எனக்கு இது வேண்டாம்னு மெஷினே சொல்லுது. விட்டுக்கொடுக்கறேன்னு நெனைக்காதீங்க. வேண்டாததைக் கொண்டாந்து தர்றேன். உங்களுக்குத்தான் தொண்ணூத்தேழு."

அவர் எண்ணை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தார். "நெசமாவே மூணுதானுங்களா?"

"நீங்களே பாக்கறீங்களே."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மலையைத் தூக்கவில்லை, முதலில் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரல் நுனியால் சக்கரம் ஒன்றைத் தள்ளினார். சாவியை ஒன்றரைச் சுற்றுக் கொடுத்து, காதை வைத்துக் கேட்டார். பெட்டிகள் நகர்ந்தன. நடுவில் இரண்டும் ஒதுங்கியபோது அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு அழகான பொம்மை அது. அந்தத் தொப்பிப் பெண்ணின் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இதையா கொடுத்துவிட்டுப் போகப் போகிறோம் என்று இருந்தது.

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது. அவர் பார்வை மேசையில் இருந்த என் மணிக்கட்டின் மேல் இருந்தது. இருபத்தொன்பது. நாற்பத்தாறு. நான் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுப்பதற்குள் எழுபது.

அவர் பெட்டிகள் இரண்டும் நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு மலையைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியில் வைத்து, மூடி, என் பக்கம் நகர்த்தினார்.

"உடுங்க டாக்டர். உங்களுக்கு வேணும்ங்க."

"இல்லீங்க, இது வந்து..."

"அதான் பாத்தனுங்களே."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தேன். காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்து இருக்கையில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். தொப்பிப் பெண் அங்கேதான் இருந்தாள். மணிக்கட்டில் ஐந்து.

திரும்பிப் போனால் மறுபடி ஏறும். அவர் ஆசைப்படுவதை நான் பார்க்கிறவரை ஏறும். கொடுக்க வேண்டுமென்றால் நான் அங்கே இருக்கக் கூடாது. இதற்கு ஹெப்சிபாவின் இயற்பியல் தேவைப்படவில்லை, பச்சை விழுவதற்குள் புரிந்துவிட்டது.

நூறடி ரோட்டில் ஒரு கூரியர் கடையில் வண்டியை நிறுத்தினேன். முகவரி எழுதினேன். பெட்டிக்குப் பக்கத்தில் மணிக்கட்டை வைத்து, எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து நாச்சிமுத்துவுக்கு அனுப்பினேன். பெட்டியைக் கடையில் இருந்த பெண் உள்ளே எடுத்துக்கொண்டு போன பிறகு பட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அதன் பிறகு மாதம் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எந்தெந்தப் பொம்மையைப் பார்த்தபோது அவர் "அடேங்கப்பா" என்றார் என்பதை யோசித்து யோசித்து எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. குரங்கு போய்விட்டது. தீயணைப்பு வண்டி போய்விட்டது. ஆரம்பத்தில் அவர் போன் செய்து "ஏனுங்க டாக்டர் இப்படிப் பண்றீங்க" என்றார். இப்போது பல்லைப் பற்றிப் பேசுவதில்லை, ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுகிறார். போன வாரமும் அழைத்தார்.

"ஞாயித்துக்கெழமை வாங்களேன். விஞ்சு மேல போறப்ப ஒரு மணி அடிக்கோணும், துருப்பிடிச்சு நின்னு போயிருந்துச்சுங்க. சரி பண்ணிட்டேன். கேக்கறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் போனைப் பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார். சாவி சுற்றுகிற சத்தம். சக்கரம் பல் பல்லாக ஏறுகிற சத்தம். பிறகு சின்னதாக ஒரு மணி, தெளிவாக, இரண்டு முறை. அதற்கும் பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

என் கையில் பட்டை இல்லை. இருந்தாலும் எண் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்குதுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.